பாவு விரித்த தெருவில் ஓர் அட்மிஷன்

வயது வந்த மகளோடு, பெட்டியும் கையுமாகக் காஞ்சிபுரத்தில் போய் இறங்காதீர்கள். கல்யாணப் புடவை எடுக்க வந்திருக்கிறீர்கள் என்று ஊரே முடிவு கட்டிவிடும். புதன்கிழமை காலை பஸ் நிலையத்தில் நாங்கள் இறங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ஓர் ஆட்டோக்காரர் என் பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டார்.

“பொண்ணுக்கா சார்?”

“ஆமா, பொண்ணுக்குத்தான்.”

“தேதி எப்போ?”

“வெள்ளிக்கிழமைதான் கடைசி.”

“அடக் கடவுளே! இவ்ளோ கிட்டத்துலயா வருவாங்க? கவலையே படாதீங்க, நான் இட்டுக்கினு போறேன்.”

எவ்வளவு அக்கறையான மனிதர் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. முன்கண்ணாடியில் கிளி பொம்மை ஆட, சந்து சந்தாகப் புகுந்து அவர் கொண்டுபோய் நிறுத்திய இடம் நான்கு மாடிப் பட்டுப்புடவைக் கடை. சுதாரிப்பதற்குள் எங்களை மெத்தையில் உட்கார வைத்து, கையில் ஆளுக்கொரு கலர் சோடா கொடுத்து, “முகூர்த்தத்துக்கா, ரிசப்ஷனுக்கா?” என்று ஒருவர் அரக்கு நிறத்தில் ஒன்றை விரித்தே விட்டார். என் மகள் கனி சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனாள். “கல்யாணம் இல்லண்ணே, காலேஜ் அட்மிஷன்” என்று சொன்னபோது அந்த மனிதர் முகம் சுண்டியது. ஆனாலும் விடவில்லை. “அதுக்கும் ஒண்ணு எடுத்துக்கலாமேம்மா” என்றார்.

நான் பாளையங்கோட்டைக்காரன். கல்லூரி வாசலுக்கு எதிரே இருபத்தாறு வருடமாக பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். ரெக்கார்டு நோட்டு, புராஜெக்ட், முனைவர் பட்ட ஆய்வேடு என்று என் பசை படாமல் எங்கள் ஊரில் யாரும் பட்டம் வாங்கியதில்லை. கொஞ்சம் மிகைதான், ஆனாலும் சொல்வேன். கல்லூரி ஊர் என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தேர்வு முடிவு வரும் நாளில் டீக்கடைக்காரர் பால் அதிகம் வாங்கி வைப்பார். மெஸ்ஸில் மூன்றாவது தடவை சோறு கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். பழைய புத்தகக் கடையில் போன வருடத்து அக்கா போட்ட அடிக்கோட்டோடு இந்த வருடத்துத் தங்கைக்குப் புத்தகம் கிடைக்கும். அதுதான் ஊர்.

அப்படிப்பட்ட ஊரில், என் கடைக்கு மணிச்சத்தம் கேட்கிற கல்லூரியிலேயே கனிக்கு எம்.எஸ்ஸி. வேதியியலில் இடம் கிடைத்திருந்தது. அவளுக்கோ காஞ்சிபுரத்தில் கிடைத்த இடம்தான் வேண்டும். சாயப்பட்டறைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆராய்ச்சியை இங்கே ஒரு பேராசிரியை நடத்துகிறாராம், அவரிடம்தான் படிப்பாளாம். வீட்டில் ஒரு வாரம் சண்டை. கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். “ப்பா, நீங்களே வந்து பாருங்க. இது படிக்கிற ஊரு இல்லைன்னு மனசாரத் தோணிச்சுன்னா, சண்டை போடாம உங்ககூட வந்துருதேன். ஆனா மனசாரச் சொல்லணும்.” வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குள் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், நான் குறை கண்டுபிடிக்கத்தான் வந்தேன். எனக்கு ஒரே மகள். அவள் இல்லாத வீட்டை நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது.

முதல் நாள் எனக்குச் சாதகமாகவே போனது. எங்கே திரும்பினாலும் பட்டு, பட்டு, பட்டு. அது ஓய்ந்த இடத்தில் கோயில். “ஏட்டி, ஒரு பைண்டிங் கடையாவது கண்ணுல பட்டுதா?” என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். லாட்ஜ்காரர், “படிப்புக்குப் பேர் போன ஊர் சார் இது, அந்தக் காலத்துலயே எங்கெங்கேயிருந்தோ வந்து படிச்சிட்டுப் போனாங்க” என்றார். அந்தக் காலத்துப் பெருமை இருக்கட்டும், இந்தக் காலத்தில் ஹாஸ்டலில் இடம் இருக்கிறதா என்றால் இல்லை. நிரம்பிவிட்டது என்று கல்லூரியில் கையை விரித்துவிட்டார்கள். எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.

சாப்பாட்டில் மட்டும் தோற்றேன். காஞ்சிபுரம் இட்லி என்று ஒன்று வைத்தார்கள். மிளகும் சுக்கும் நெய்யுமாக, கையில் எடுத்தால் கனக்கிறது. எங்கள் ஊர் இட்லி பஞ்சு மாதிரி வெள்ளையாக, எள்ளுப்பொடிக்குக் காத்திருக்கும். இது யாருக்கும் காத்திருக்கவில்லை. ஒரு துண்டு போதும் என்று சொல்லிவிட்டு மூன்று துண்டு தின்றேன். கனி கவனித்துக்கொண்டிருந்தாள். “இதையும் உங்க குறை லிஸ்ட்டுல சேத்துக்கோங்க” என்றாள்.

வியாழக்கிழமை அவள் அந்தப் பேராசிரியையைப் பார்க்கப் போனாள். நான் ஊரைச் சுற்றுகிறேன் என்று ஒரு டவுன் பஸ்ஸில் ஏறி, அது கூரம் என்ற பக்கத்துக் கிராமத்துக்குப் போகிற பஸ் என்று பாதி வழியில்தான் தெரிந்துகொண்டேன். பஸ் நிறையக் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பிள்ளைகள். நடத்துநர் டிக்கெட் கிழித்துக்கொண்டே ஒரு பெண்ணை அதட்டினார். “இன்னாமா, ரெண்டு நாளா ஆளையே காணோம்? லேபுக்கு கட்டா?” அந்தப் பெண், “இல்லண்ணா, ஜுரம்” என்றாள். “அப்போ மிஸ் கையில லெட்டர் குடுத்துடு. அப்பால அட்டெண்டன்ஸ் இல்லன்னு அழுவாத” என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இது நான் எதிர்பார்க்காதது. கூரத்தில் இறங்கி ஒரு டீ குடித்து, பல்லவர் காலத்துச் செப்பேட்டால் பேர் வாங்கிய ஊர் என்று டீக்கடைக்காரர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, அதே பஸ்ஸில் திரும்பினேன்.

மாலையில் கனி என்னைப் பிள்ளையார்பாளையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். நெசவாளர் தெரு. சைக்கிள் போனாலே எதிரில் வருகிறவர் ஒதுங்க வேண்டிய அகலம். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். அங்கே சதாசிவம், தனம் என்று ஒரு தம்பதி. கீழே தறி, மாடியில் நான்கு கல்லூரிப் பெண்கள் வாடகைக்கு இருந்தார்கள். ஐந்தாவது கட்டில் காலியாம். பேராசிரியையே சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நான் தயாராக வைத்திருந்த குறையை எடுத்துவிட்டேன். “இந்தச் சத்தத்துல பிள்ளை எப்படிப் படிக்கும்?”

தனம் என்னை விநோதமாகப் பார்த்தார். “பரிட்சைன்னா நாங்க ஆறு மணிக்கே தறிய நிறுத்திடுவோம்ணே. அங்க பாருங்க” என்று சுவரைக் காட்டினார்.

தறிக்குப் பக்கத்தில் முருகன் படம் போட்ட காலண்டர். அதன் பக்கத்தில் ஒரு தாள். கல்லூரியின் தேர்வு அட்டவணை. அதுவரை வாயைத் திறக்காத சதாசிவம் மெதுவாகச் சொன்னார். “பாவு போடறதுக்கு நாள் பாக்கணும் இல்லியா சார். காலண்டர்ல ராகு காலம் பாப்போம், இதுல பரிட்சை பாப்போம். ரெண்டுலயும் ஒழிஞ்ச நேரமாப் பாத்துதான் போடறது. பாவுக்குக் குச்சி புடிக்க இந்தப் பொண்ணுங்கதானே ஆளு.”

பாவு என்பது புடவைக்கு நீளவாட்டில் ஓடும் இழைகள். மூன்று புடவைக்கு வேண்டிய இழைகளை ஒன்றாகத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, உலர்ந்ததும் உருளையில் சுற்றித் தறிக்குக் கொண்டுபோகிறார்கள். உலரும் வரை நடுநடுவே குச்சி கொடுத்துத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும். பிடி தளர்ந்தால் ஈர இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாகிவிடும். இதையெல்லாம் தனம் சொல்லச் சொல்ல, என் கண் அந்தத் தாளின் மேலேயே இருந்தது. செலோ டேப்பால் ஒட்டியிருந்தார்கள். ஒரு மூலை உரிந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. தொழில் புத்தி, கை துறுதுறுத்தது.

“நாளைக்குக் காலைல சொல்லுதோம்” என்று கிளம்பினேன். லாட்ஜில் என் மனைவியிடம் போனில் பேசினேன். “ஊரு எப்படி?” என்றாள். “பாக்கணும்” என்றேன். “கூட்டிட்டு வந்துருங்க” என்றாள். அவளுக்கும் என் பயம்தான்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குத் தெருமுனைக்கு வந்தால் வழி இல்லை. அரக்கும் பச்சையுமாகப் பட்டு இழைகள் இடுப்பு உயரத்தில் தெரு நீளத்துக்கு ஓடின. கஞ்சி தெளித்து முடித்திருந்தார்கள். நாங்கள் ஓரமாக நுழையும்போதே மாடிப் பெண்கள் நால்வரும் ஈரத்தலையோடு, குச்சியும் கையுமாகத் தவித்துக்கொண்டு நின்றார்கள். மதியம் இருந்த இன்டர்னல் டெஸ்ட்டைக் காலைக்கு மாற்றி ராத்திரியே செய்தி வந்திருக்கிறது. யாரும் போனைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த தாள் மதியம் என்றே சொல்லியிருக்கிறது, அதை நம்பிச் சதாசிவம் விடியற்காலையிலேயே பாவை விரித்துவிட்டார்.

“கஞ்சி போட்டாச்சேக்கா, எப்படி வுட்டுட்டுப் போறது?” என்று ரேவதி என்ற பெண் அழாத குறை.

“நீங்க போங்கமா! டெஸ்ட்டு மொதல்ல! போ, போ, பஸ்ஸு வந்துடும்” என்று தனம் அவர்கள் கையிலிருந்த குச்சிகளைப் பிடுங்கினார். பிடுங்கியவருக்கு இரண்டு கைதானே? சொல்வதற்குள் கனி தன் பையை என் தோளில் மாட்டிவிட்டு ஓடிப்போய் ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டாள். நானும் ஒன்றைப் பிடித்தேன். அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் வந்தார்கள். மற்றவர்கள் அவரவர் தறியில், அவரவர் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார்கள்.

வானம் மூடியிருந்தது. உலர மாட்டேன் என்றது பாவு. ஒன்பது ஆனது. ஒன்பதரை ஆனது. சதாசிவம் இழையிழையாகப் பார்த்து, அறுந்ததைத் திரித்து ஒட்டிக்கொண்டே வந்தார். கனி அவரிடம் கஞ்சி எதற்கு, எவ்வளவு நேரம் கொதிக்கிறது, சாயம் அதில் இறங்காதா என்று கேள்வி மேல் கேள்வி. அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் வீட்டில் பார்த்ததில்லை.

அப்போதுதான் என் மனசில் அந்த எண்ணம் வந்தது. சான்றிதழ்கள் என் தோள்பையில். கனியின் போனும் என் தோளில் தொங்கும் அவள் பையில். வாட்ச் என் கையில். இப்படியே நின்றால் பதினோரு மணி தானாகக் கடந்துவிடும். நான் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதே இல்லை. நல்ல காரியம் செய்யப்போய் நேரமாகிவிட்டது என்று ஆகிவிடும், யார் மேலும் குற்றமில்லை. என் மகள் என்னோடு வீட்டுக்கு வந்துவிடுவாள்.

“ப்பா, மணி என்ன?”

ஒன்பது ஐம்பது. “நேரம் கெடக்கு” என்றேன்.

சொன்ன வாய் கசந்தது. அவள் வேறொன்றும் கேட்காமல் என்னையே ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, மறுபடி இழைகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்களுக்குள் பத்தடி தூரம் இருந்தது. அதன் பிறகு பத்து நிமிடம் நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பத்து மணிக்குத் தனம்தான் கேட்டார். “உங்களுக்கு வேற சோலி இருக்குமேண்ணே? ஊருக்குக் கெளம்பணுமா?”

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் மனசாரச் சொல்லணும் என்றல்லவா அவள் கேட்டிருந்தாள். நான் சொல்லிவிட்டேன். “பதினொண்ணுக்குள்ள பிள்ளையோட சர்ட்டிபிகேட்டைக் காலேஜ்ல குடுக்கணும். இல்லைன்னா சீட்டு போயிரும்.”

தெருவே வெடித்தது. சத்தமாகவே பேசாத சதாசிவம்தான் முதலில் கத்தினார். “இன்னா சார் நீங்க! அட்மிஷன வச்சிக்கினு குச்சியப் புடிச்சிக்கினு நிக்கிறீங்க! என் தலையில பாவத்தக் கட்டறீங்களா? வுடுங்க, வுடுங்க!”

“பத்தரைக்கு ராகு காலம் வேற வந்துடும்!” என்று தனம் தலையில் அடித்துக்கொண்டார். “டேவிட்டண்ணே! ஓடியா! அட்மிஷன் பொண்ணு இங்க நின்னுக்கினு இருக்குது!”

தெருமுனை ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒரு குண்டான மனிதர் லுங்கியை மடித்துக் கட்டியபடி ஓடிவந்தார். எதிர்வீட்டில் ஒருத்தி தறியை நிறுத்திவிட்டு இறங்கினாள். வேலைக்குச் சைக்கிள் எடுத்த ஒருவர் அதைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். என் கையிலிருந்த குச்சி எப்போது அவர்கள் கைக்குப் போனது என்றே தெரியாது.

டேவிட் கனியின் குச்சியை வாங்கிக்கொண்டே கேட்டார். “இன்னா மேஜர்மா?”

“கெமிஸ்ட்ரிண்ணே.”

“ஜெராக்ஸ் எத்தினி செட்டு எடுத்தீங்க?”

“ஒரு செட்டு” என்றேன்.

“மூணு செட்டு கேப்பாங்கபா! ஒண்ணு கொறஞ்சாலும் திருப்பி அனுப்புவாங்க. கட தொறந்துதான் கெடக்குது, நீயே போட்டுக்கோ. வண்டி வாசல்ல நிக்குது, சாவி கல்லா மேல. எடுத்துக்கினு போ!”

அதுவரை என் முகத்தைப் பார்த்திராத மனிதர். என் பெயர்கூட அவருக்குத் தெரியாது. நான் அவர் கடைக்குள் போய், அவர் இயந்திரத்தை இயக்கினேன். இரண்டாவது தாளிலேயே சிக்கிக்கொண்டது. பக்கக் கதவைத் திறந்து, உருளையைப் பின்னுக்குச் சுற்றி, தாளை உருவினேன். என் கடை இயந்திரமும் இதே இடத்தில்தான் மக்கர் பண்ணும். இரண்டு செட் எடுத்து அடுக்கி, ஸ்டேப்ளர் அடித்து வெளியே வந்தபோது பத்து பத்து.

ஸ்கூட்டரில் கனி பின்னால் உட்கார்ந்திருந்தாள். இரண்டு தெரு தாண்டியதும் என்னால் முடியவில்லை. “ஏட்டி, நான் வேணும்னுதான் மணி சொல்லல” என்றேன்.

“தெரியும்ப்பா.”

“எப்படி?”

“பக்கத்து வீட்டுக்குள்ள செவர்க் கடிகாரம் தெரிஞ்சிது. நீங்க பொய் சொன்னப்ப ஒன்பது அம்பது.”

வண்டி தடுமாறியது. “பின்ன ஏன்டி வாயத் தொறக்கல?”

“நீங்க சொல்லுவீங்கன்னு நின்னேன்” என்றாள். கொஞ்சம் கழித்து, “பத்தே காலுக்கு நானே ஓடிருப்பேன், அதையும் சொல்லிருதேன்” என்றாள். இருவரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. காற்றடிக்கிறது என்று வைத்துக்கொண்டேன்.

பத்து இருபத்தெட்டுக்குச் சான்றிதழ்களைக் கொடுத்தோம். தனத்தின் ராகு காலத்துக்கு இரண்டு நிமிடம் மிச்சம். டேவிட் சொன்னபடியே மூன்று செட் கேட்டார்கள். ஒப்புகைச் சீட்டும், அந்தப் பருவத்துக்கான தேர்வு அட்டவணை ஒன்றும் கனி கையில் கொடுத்தார்கள்.

திரும்பி வந்தபோது தெருவில் பாவு இல்லை, உருளையில் ஏறிவிட்டிருந்தது. ஓரிடத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டதாம், பிரித்துவிட்டார்களாம். “குடுத்தாச்சா?” என்று தெரு முழுக்கக் கேட்டது. கனி சீட்டைத் தூக்கிக் காட்டினாள். டேவிட் கடையில் சாவியைக் கொடுத்து, பேப்பர் சிக்கும் இடத்தை எப்படிச் சரிசெய்வது என்று அவருக்குக் காட்டினேன். நன்றி சொல்ல எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

பிறகு தனத்திடம் மீந்த கஞ்சியைக் கேட்டேன்.

“பசிக்குதாண்ணே?” என்றார் பதறிப்போய்.

“இல்லம்மா, ஒட்டணும்.”

கொஞ்சம் மைதா கலந்து அடுப்பில் வைத்துக் கிண்டி, கம்பி பதம் வந்ததும் இறக்கினேன். செலோ டேப் போட்ட பழைய தாளைச் சுவரிலிருந்து எடுத்தேன். மதியம் என்று இருந்ததைக் காலை என்று திருத்தினேன். கனியின் அட்டவணையையும் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஓர் அட்டையில் நான்கு மூலையும் தேய்த்து ஒட்டி, தறிக்கு மேலே சுவரில் பதித்தேன். கனியின் முதல் டெஸ்ட் வருகிற நாளில் சதாசிவம் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். “அன்னைக்குப் பாவு கெடையாது” என்றார். “போனையும் பாத்துடணும், மொதல் நாள் ராத்திரியே” என்று தனம், டெஸ்ட் முடிந்து மாடிக்கு வந்துவிட்ட பெண்களுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

நான் ஒட்டினது உரியாது. இருபத்தாறு வருடமாக எங்கள் ஊர் முழுக்க அதற்குச் சாட்சி. கையைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான், என் கையாலேயே என் மகளை இந்த ஊரில் ஒட்டிவிட்டு நிற்கிறேன் என்று உறைத்தது. வலித்தது. ஆனால் மனசாரத்தான் ஒட்டினேன்.

சனிக்கிழமை காலை தெருமுனையில் ஆட்டோவுக்கு நின்றேன். கிளி பொம்மை ஆட்டோ வந்து நின்றது. அதே மனிதர். நான் ஏறி உட்கார, என் தோள்பையை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா சார், தனியாப் போறீங்க? பொண்ணு எங்க? புடவை எடுக்கலியா?”

“புடவை இல்ல. பொண்ணு இங்கதான் இருக்கா. காலேஜ்ல சேத்துட்டேன்.”

அவர் வண்டியைக் கிளப்பவில்லை. திரும்பி உட்கார்ந்து என்னை நன்றாகப் பார்த்தார். “எந்தத் தெருவுல தங்கியிருக்குது?” என்று கேட்டார். சொன்னேன். “அப்போ என் வழிதான். மழை நாள்ல பஸ்ஸு வராது சார், நானே காலேஜாண்ட வுட்டுடறேன். அது இன்னா மேஜரு?”

“கெமிஸ்ட்ரி” என்றேன். சொல்லிவிட்டு, தெருப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அவர் பஸ் நிலையம் வரைக்கும் மெதுவாகவே ஓட்டினார்.